யாருடைய தொலைபேசி, யாருடைய பேச்சு: குடும்பத்துக்குள் ஒட்டுக்கேட்பின் வரலாறு

கணவன் மனைவியின் போனை நோண்டுவது, பெற்றோர் பிள்ளையின் செய்திகளைப் படிப்பது போன்றவை கைபேசியோடு பிறந்த பழக்கங்கள் என்று தோன்றலாம். கடிதக் காலத்திலேயே அவை இருந்தன. கருவி மாறிய ஒவ்வொரு முறையும் சட்டம் அதே சிக்கலில் போய் நின்றது. முதலில் அது கருவி யாருக்குச் சொந்தம், கட்டணம் யார் கட்டுகிறார் என்று கேட்டது. பேசியவர் சம்மதித்தாரா என்று கேட்க அதற்கு நீண்ட காலம் பிடித்தது. பிள்ளைகள் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் இல்லை.

இந்தியாவில் அஞ்சலட்டை 1879 ஜூலை 1 அன்று வந்தது. விலை காலணா. எழுதியது எல்லோர் கண்ணிலும் படும் என்று தெரிந்தேதான் மக்கள் அதை வாங்கினார்கள். எழுத்தறிவு குறைந்த ஊர்களில் தபால்காரரே கார்டைப் படித்துக் காட்டுவார், பதிலையும் எழுதிக் கொடுப்பார். ஒட்டிய உறைக்குள் வந்த கடிதத்துக்கும் வீட்டுக்குள் பெரிய பாதுகாப்பு கிடையாது. கூட்டுக் குடும்பத்தில் கடிதம் வீட்டுப் பெரியவர் கைக்குப் போகும். புகுந்த வீட்டு மருமகளுக்கு வந்த கடிதம் பிரிக்கப்பட்ட பிறகே அவளிடம் வந்து சேர்வதும் உண்டு. 1898 அஞ்சலகச் சட்டம் தபாலைப் பிரிக்கும், ஒளிக்கும் ஊழியருக்குச் சிறை விதித்தது. கடிதம் வாசற்படியைத் தாண்டிய பிறகு நடப்பது அதன் கவலையாக இருக்கவில்லை.

கணவன் மனைவிக்கு இடையே நடந்த பேச்சை மட்டும் 1872 சாட்சியச் சட்டம் தனியாக வைத்துப் பார்த்தது. அதன் 122ஆம் பிரிவின்படி, திருமண காலத்தில் ஒருவர் மற்றவரிடம் சொன்னதை, சொன்னவரின் சம்மதம் இல்லாமல் நீதிமன்றத்தில் வெளியிட முடியாது. அந்தத் தம்பதிக்குள் நடக்கும் வழக்கு, ஒருவர் மற்றவருக்கு இழைத்த குற்றத்துக்கான வழக்கு ஆகிய இரண்டும் விதிவிலக்கு. இந்தச் சிறு விதிவிலக்கை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 153 ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றம் இதன்மேல் நின்றுதான் ஒரு முக்கியமான தீர்ப்பைச் சொன்னது.

122ஆம் பிரிவு எதைக் காக்கிறது என்பதை 1960களில் திருவனந்தபுரத்தில் தொடங்கிய வழக்கு ஒன்று தெளிவாக்கியது. 1964இல் பம்பாயில் இருந்த ஒருவர், தகப்பன் வீட்டில் இருந்த மனைவிக்குச் சில கடிதங்கள் எழுதினார். அவற்றில் மாமனாரைப் பற்றித் தரக்குறைவான வாசகங்கள் இருந்தன. மனைவி கடிதங்களைத் தகப்பனிடம் கொடுத்தார். தகப்பன் மருமகன் மீது அவதூறு வழக்குப் போட்டார். கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள், தனக்குத் தானே எழுதிக்கொண்டது அவதூறு ஆகாது என்று சொல்லி மாஜிஸ்திரேட் வழக்கைத் தள்ளினார். கேரள உயர் நீதிமன்றமும் அதையே ஏற்றது. உச்ச நீதிமன்றம் 1968இல் ஏற்க மறுத்தது. கணவனும் மனைவியும் ஒருவரே என்ற ஆங்கிலேயக் கோட்பாட்டை இந்தியக் குற்றவியல் சட்டத்தில் அப்படியே பொருத்த முடியாது என்றது. மனைவி கூண்டில் ஏறிக் கடிதத்தின் உள்ளடக்கத்தைச் சொல்ல முடியாது. ஆனால் கடிதம் மூன்றாமவர் கைக்குப் போய்விட்டால் அதை வேறு வழியில் நிரூபிக்கத் தடையில்லை. ஆக, சட்டம் சாட்சியின் வாயைத்தான் கட்டியது. காகிதத்துக்குக் காவல் போடவில்லை. பின்னாளில் ஒலிநாடா, குறுவட்டு, மெமரி கார்டு எல்லாம் நீதிமன்றத்துக்குள் நுழைய முயன்றது இந்த வாசல் வழியாகத்தான்.

தொலைபேசி இணைப்பகங்கள் கல்கத்தா, பம்பாய், மதராஸ் நகரங்களில் 1882இல் இயங்கத் தொடங்கின. மூன்று ஆண்டுகளில் இந்தியத் தந்திச் சட்டம் வந்தது. தொலைபேசியும் அதன் வரம்புக்குள் அடங்கியது. செய்தியைச் சட்டவிரோதமாகத் தெரிந்துகொள்ள முயல்வதும், இடைமறிக்கும் நோக்கத்தோடு கம்பியில் கை வைப்பதும், ஊழியர் செய்தியை வெளியே சொல்வதும் குற்றம் என்றது. இவற்றில் முதல் இரண்டும் எந்த நபருக்கும் பொருந்தும்படி எழுதப்பட்டவை. குடும்ப உறுப்பினருக்கு விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. ஆனாலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒட்டுக்கேட்பு என்றாலே அரசு, உளவுத்துறை, அரசியல்வாதி என்றுதான் பேச்சு நடந்தது. கணவனும் தகப்பனும் அந்தச் சட்டத்தின் பார்வையில் படவில்லை.

படாததற்கு ஒரு காரணம், தொலைபேசியே அரிதாக இருந்தது. 1991இல்கூட நாடு முழுவதும் சுமார் 50 லட்சம் இணைப்புகள்தான். விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது சாதாரணம். இணைப்பு இல்லாதவர்கள் விசிட்டிங் கார்டில் பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டு, பக்கத்தில் ‘பி.பி.’ என்று அச்சடித்துக்கொண்டார்கள். அழைப்பு வந்தால் அந்த வீட்டுப் பையன் ஓடிவந்து கூப்பிடுவான். பேசுபவர் வேறொருவர் வீட்டு ஹாலில், அந்தக் குடும்பமே பார்த்திருக்க, பெண் பார்க்கும் விஷயத்தையும் கடன் விஷயத்தையும் பேசி முடிக்க வேண்டும். வெளியூருக்கு டிரங்க் கால் பதிவு செய்தால் நடுவில் ஆபரேட்டர் இருப்பார். லைன் சரியாகக் கேட்காத நாட்களில் கத்திப் பேசியது தெருவுக்கே கேட்கும். 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கிய நேரடி எஸ்.டி.டி. வசதி ஆபரேட்டரை விலக்கியது. 1980களின் பிற்பகுதியில் மூலைக்கு மூலை முளைத்த எஸ்.டி.டி. பூத்துகள், வீட்டாரின் காதுக்கு எட்டாத இடத்தில் பேச முதல் வாய்ப்பைக் கொடுத்தன. கண்ணாடிக் கதவு போட்ட அந்தக் கூண்டுக்குள் இரவுக் கட்டணக் குறைப்புக்காக மட்டும் வரிசை நின்றது என்று சொல்லிவிட முடியாது.

வீட்டுத் தொலைபேசி ஹாலில்தான் இருக்கும். டயலில் சிறு பூட்டு போட்டுச் சாவியை அப்பா வைத்திருப்பார். பில்லுக்குப் பயந்து போட்ட பூட்டுதான் என்றாலும், யார் யாரோடு பேசலாம் என்ற தீர்மானமும் அதே சாவியில் தொங்கியது. படுக்கையறையில் பேரலல் போன் வைத்த வீடுகளில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் சத்தமில்லாமல் ரிசீவரை எடுத்துக் கேட்கலாம். இதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை.

அமெரிக்காவில் இதே பேரலல் போன் ஒரு சட்டப் போராட்டத்தின் நடுப்பொருளாக ஆனது. அங்கே கிராமப்புறங்களில் பல வீடுகளுக்கு ஒரே கம்பி என்ற பகிர்வு இணைப்புகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பரவலாக இருந்தன. எந்த வீட்டுக்கு அழைப்பு என்பதை மணி அடிக்கும் விதத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த வீட்டாரின் அழைப்பை எடுத்துக் கேட்பது ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. 1950, 60களில் கையடக்க ஒலிப்பதிவுக் கருவிகள் மலிவானதும் தனியார் துப்பறிவாளர்கள் தொழிலில் இறங்கினார்கள். விவாகரத்துக்கு ஒருவர் மீது குற்றம் நிரூபிக்க வேண்டியிருந்த காலம் அது. தனியார் ஒட்டுக்கேட்பு பெரிதும் இரண்டு காரியங்களுக்கே பயன்படுகிறது, ஒன்று வணிக உளவு, மற்றது தாம்பத்திய வழக்கு என்று சட்ட அறிஞர் ராபர்ட் பிளேக்கி நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார்.

1968 ஜூன் 19 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட குற்றத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பகுதி, எந்த நபரும் கம்பி வழிப் பேச்சை இடைமறிக்கக் கூடாது என்றது. பேசுபவர்களில் ஒருவர் சம்மதித்தால் குற்றமில்லை. சந்தாதாரர் தன் வழக்கமான அலுவலில் பயன்படுத்தும் தொலைபேசிக் கருவிக்கும் ஒரு விலக்கு இருந்தது. ஊழியர்கள் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று முதலாளி கவனிப்பதற்காக யோசிக்கப்பட்ட இந்த விலக்கைச் சில நீதிமன்றங்கள் வீட்டுக்கும் நீட்டின. அப்பா இன்னொரு அறையில் ரிசீவரை எடுத்துப் பிள்ளையின் பேச்சைக் கேட்டால் அது வழக்கமான பயன்பாடுதான் என்றார்கள்.

கணவன் மனைவி விஷயத்தில் முதல் பெரிய தீர்ப்பு 1974இல் வந்தது. ஒரு கணவர் தன் வீட்டுத் தொலைபேசியிலேயே பதிவுக் கருவியை மாட்டி, மனைவி இன்னொருவருடன் பேசியதைப் பதிந்தார். நாடாவை அக்கம்பக்கத்தாருக்கும் உறவினருக்கும் போட்டுக் காட்டினார். மனைவியின் வழக்கறிஞரே அதைக் கேட்டுவிட்டு, எதிர்க்காமல் விவாகரத்துக்கு ஒத்துக்கொள்ளும்படி அவருக்கு ஆலோசனை சொன்னார். பிறகு அந்த மனைவி இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. எந்த நபரும் என்று சட்டம் எழுதியிருந்தாலும், தாம்பத்திய வீட்டுக்குள் நுழைய நாடாளுமன்றம் நினைத்திருக்காது என்பது அதன் வாதம். தன் முடிவில் சந்தேகத்துக்கு இடமுண்டு என்று அந்த நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அந்தத் தயக்கம் அடுத்தடுத்து வந்தவர்களுக்கு வசதியானது. இரண்டே ஆண்டுகளில், மனைவியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்ட கணவர் ஒருவர் மீதான குற்ற வழக்கில் ஆறாம் வட்டார நீதிமன்றம் நேர் எதிராகத் தீர்ப்பளித்தது: எந்த நபரும் என்றால் எந்த நபரும்தான், கணவர் அதற்கு வெளியே இல்லை. வேறு பல வட்டாரங்களும் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் வந்தன. ஐந்தாம் வட்டாரத்திலிருந்து 1981இல் பிரிந்து பிறந்த பதினோராம் வட்டாரம் தாய் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பையும் சீதனமாகக் கொண்டுவந்திருந்தது. அதைக் கைவிட 2003 ஆனது.

இந்த முப்பது ஆண்டு இழுபறி தாம்பத்தியத்தின் புனிதம் என்ற சொற்களில் நடந்தாலும், அதன் உள்ளே இருந்தது சொத்துரிமைதான். என் வீடு, என் இணைப்பு, என் பெயரில் பில் என்பது கணவர்களின் வாதம். பேச்சுக்கு உரியவர் பேசியவர் என்று ஏற்றுக்கொண்ட பிறகு அந்த வாதம் செல்லாமல் போனது.

பிள்ளைகள் விஷயத்தில் வரலாறு வேறு திசையில் போனது. விவாகரத்தான பெற்றோர், குழந்தை மற்ற பெற்றோருடன் பேசுவதைப் பதிவு செய்து, காவல் உரிமை வழக்கில் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஒருவரின் சம்மதம் போதும் என்று சட்டம் சொல்வதால், குழந்தையின் சார்பில் பெற்றோரே சம்மதம் தரலாமா என்ற கேள்வி எழுந்தது. தரலாம் என்று 1993இல் யூட்டா மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றும், 1998இல் ஆறாம் வட்டார நீதிமன்றமும் சொன்னன. இரண்டாவது வழக்கில் 14 வயது மகளின் அழைப்புகளைத் தாய் பதிவு செய்திருந்தார். குழந்தையின் நலனுக்கு அது தேவை என்று பெற்றோர் நல்லெண்ணத்தோடு நம்பியிருக்க வேண்டும், அந்த நம்பிக்கைக்கு நியாயமான அடிப்படையும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கேட்கப்படுபவர் அறியாமலேயே அவர் சம்மதித்ததாக வைத்துக்கொள்வது இது. கைக்குழந்தைக்கு இது பொருந்தலாம். 17 வயதுப் பெண்ணுக்குப் பொருந்துமா என்பதை நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு விட்டுவிட்டன.

வாஷிங்டன் மாநிலம் இதற்கு உடன்படவில்லை. அங்கே பேசும் எல்லோருடைய சம்மதமும் தேவை. மூதாட்டி ஒருவரின் கைப்பை பறிக்கப்பட்ட வழக்கில் 17 வயதுப் பையன் ஒருவன் மீது காவல்துறைக்குச் சந்தேகம் இருந்தது. அவனுடைய 14 வயதுத் தோழி கம்பியில்லா ரிசீவரை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாய் தளக்கருவியின் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தி, இருவரும் பேசியதைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். தாயின் சாட்சியம் தண்டனைக்கு உதவியது. 2004 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தண்டனையை ரத்து செய்தது. பெற்றோருக்கு விலக்கு வேண்டுமானால் சட்டமன்றம்தான் எழுத வேண்டும் என்றது. மகளைப் பற்றிக் கவலைப்பட்ட தாயின் நடத்தையைத் தவறு என்று எளிதில் சொல்ல முடியாது. ஆனால் கதவைச் சாத்திய பெண்ணும் தனக்கு ஒரு தனிமை உண்டு என்று நம்பித்தான் சாத்தினாள். பெற்றோர் அதிகாரத்துக்கு இவ்வளவு கண்டிப்பாகக் கோடு கிழித்த தீர்ப்புகள் குறைவு.

இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அப்போது வரும் அழைப்புக்கும் காசு. 2003இல் அந்தக் கட்டணம் நின்றது. அதே ஆண்டில் 501 ரூபாய் முன்பணத்தில் போன் என்ற விளம்பரங்களும் வந்தன. ஹாலில் இருந்த தொலைபேசி சட்டைப்பைக்கும் தலையணைக்கு அடியிலும் போனது. குடும்பத்தின் பொது எண் மறைந்து ஆளுக்கொரு எண் வந்தது. கேட்கும் அதிகாரம் கைநழுவுவதைக் குடும்பங்களும் சாதிக் கட்டமைப்புகளும் உடனே உணர்ந்தன. 2010இல் உத்தரப் பிரதேசத்தின் லாங்க் கிராமத்தில் மணமாகாத பெண்கள் கைபேசி வைத்திருக்கக் கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்து முடிவெடுத்தது. 2016இல் குஜராத்தின் சூரஜ் கிராமம் அதே தடையை 2,100 ரூபாய் அபராதத்தோடு போட்டது. துப்புக் கொடுப்பவருக்கு 200 ரூபாய் பரிசு. 2019இல் பனஸ்காண்டா மாவட்டத்தில் தாக்கூர் சமூகத்தினர் 12 கிராமங்களுக்கு இப்படி ஒரு தடையை அறிவித்தார்கள். காரணமாகச் சொன்னது படிப்பு, பாதுகாப்பு. பயந்தது காதல் திருமணத்துக்கு.

தடை போடாத வீடுகளிலும் கைபேசி பெண்ணுக்குத் தாமதமாகவே போனது. தானே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள் 2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 45.9 விழுக்காடு, 2019-21இல் 54 விழுக்காடு. மற்றவர்கள் கணவனின், மகனின் போனைக் கேட்டு வாங்கிப் பேசினார்கள். வாங்கிப் பேசுகிற இடத்தில் கண்காணிக்கத் தனியாக மென்பொருள் தேவைப்படவில்லை.

விடுதிகளும் வீட்டின் அதிகாரத்தை இரவல் வாங்கிக்கொண்டன. கோழிக்கோடு அருகே சேளன்னூரில் ஒரு கல்லூரிப் பெண்கள் விடுதி, மாலை 6 மணி முதல் இரவு 10 மணிவரை மாணவிகள் கைபேசியை ஒப்படைக்க வேண்டும் என்று விதி போட்டது. மறுத்த மாணவி வெளியேற்றப்பட்டார். பெற்றோர்களின் விருப்பப்படியே விதி போட்டதாக நிர்வாகம் வாதாடியது. 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் விதியை ஏற்கவில்லை; இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று கூறி, மாணவியை மீண்டும் சேர்க்கச் சொன்னது. வயது வந்த மாணவிக்குப் பதிலாகப் பெற்றோரின் சம்மதத்தைக் காட்ட முடியாது என்பது அதன் உட்பொருள்.

ஒட்டுக்கேட்கும் மென்பொருள் முதலில் கணினிக்கு வந்தது. 2003 வாக்கில் விற்கப்பட்ட ‘லவர்ஸ்பை’ மின்னணு வாழ்த்து அட்டையின் வடிவில் துணைவரின் கணினிக்குள் நுழைந்து மின்னஞ்சலையும் கடவுச்சொற்களையும் திருடியது. அதை உருவாக்கியவர் மீது 2005இல் சான் டியாகோவில் குற்றச்சாட்டு பதிவானது. அதே ஆண்டு ஃபுளோரிடா மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு வழக்கை முடித்தது. கணவரின் கணினியில் மனைவி ‘ஸ்பெக்டர்’ என்ற மென்பொருளை ரகசியமாக நிறுவி, அவர் இணையத்தில் டாமினோ ஆடிக்கொண்டே இன்னொரு பெண்ணுடன் அரட்டை அடித்ததை எல்லாம் பதிந்திருந்தார். திரையில் தோன்றும்போதே படமெடுப்பதால் இது இடைமறிப்புதான் என்று நீதிமன்றம் கொண்டது, ஆதாரம் தள்ளப்பட்டது.

கைபேசிக்கான உளவு மென்பொருள் கடைச்சரக்காக வந்தது 2006இல், ‘ஃபிளெக்ஸிஸ்பை’யோடு. பின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனம் அதை உடனே டிராஜன் என்று வகைப்படுத்தியது. இவ்வகை மென்பொருள்கள் வேலை செய்யும் விதம் எளிமையானது. நிறுவுபவர் கையில் போன் சில நிமிடம் இருக்க வேண்டும், பூட்டு எண் தெரிந்திருக்க வேண்டும். குடும்பத்தாருக்கு இரண்டும் கிடைக்கும். பிறகு செயலியின் சின்னம் திரையிலிருந்து மறைந்துவிடும். அழைப்புப் பட்டியல், செய்திகள், இருப்பிடம், படங்கள் எல்லாம் நிறுவனத்தின் வழங்கிக்குப் போய், வாங்கியவரின் திரையில் தெரியும். அந்நியர் வைரஸ் அனுப்பத் தேவையே இல்லாத உளவு இது. வீட்டில் நிலவும் நம்பிக்கைதான் நுழைவாயில்.

விளம்பரத்தில் இவை பிள்ளைகளின் பாதுகாப்பைப் பேசின. ‘ஸ்டெல்த்ஜீனி’ செயலியை விற்ற பாகிஸ்தானியத் தொழிலதிபர் 2014 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் கைதானபோது, நிறுவனத்தின் வணிகத் திட்டமே துணைவர் மீது சந்தேகப்படுபவர்களை முதன்மை வாடிக்கையாளராகக் கருதியதாக அமெரிக்க அரசுத் தரப்பு சொன்னது. கைபேசி உளவுச் செயலியை விளம்பரம் செய்து விற்றதற்காக அந்நாட்டில் நடந்த முதல் குற்ற வழக்கு அதுதான். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் 5 லட்சம் டாலர். 2019 நவம்பரில் வைரஸ் தடுப்பு நிறுவனங்களும் குடும்ப வன்முறைக்கு எதிரான அமைப்புகளும் சேர்ந்து இவ்வகைச் செயலிகளுக்கு எதிராக ஒரு கூட்டணி அமைத்தன. 2021 செப்டம்பரில் அமெரிக்க வணிக ஆணையம் ‘ஸ்பைஃபோன்’ நிறுவனத்தைக் கண்காணிப்புத் தொழிலிலிருந்தே விலக்கியது. ரகசியமாகத் திரட்டிய தகவலை அழிக்கவும் உத்தரவிட்டது. உளவு பார்த்த நிறுவனங்கள் தங்கள் வழங்கிகளையே பூட்டத் தெரியாமல் இருந்தன என்பது இந்தத் துறையின் தனிக் கேலி. ‘எம்ஸ்பை’, ‘ஸ்பைஃபோன்’ இரண்டிலிருந்தும் தகவல் கசிந்தது. பாதுகாப்புக்காகப் பெற்றோர் திரட்டிய பிள்ளைகளின் தகவல் முகம் தெரியாதவர் கைக்குப் போனது.

இதே காலத்தில் பெரிய நிறுவனங்கள் வெளிப்படையான கண்காணிப்பை முன்வைத்தன. கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ 2017இலும், ஆப்பிளின் ‘ஸ்கிரீன் டைம்’ 2018இலும் வந்தன. நேர வரம்பு, செயலி அனுமதி, ஃபேமிலி லிங்கில் இருப்பிடம் ஆகியவை பெற்றோர் கையில் இருந்தன. பிள்ளையின் செய்திகளைப் படிக்க வழி வைக்கவில்லை, மேற்பார்வை நடப்பதும் பிள்ளைக்குத் தெரியும். 2020இல் கூகுள் தன் செயலிக் கடையில், ஒருவருக்குத் தெரியாமல் அவரைப் பின்தொடரும் செயலிகளுக்கு இடமில்லை என்று விதியை இறுக்கியது. சம்மதம் கேட்பது என்று சட்டம் கொண்டுவராத இடத்தில், அறிவித்துவிட்டுச் செய்வது என்ற இடைநிலையை இந்த வடிவமைப்புகள் கொண்டுவந்தன.

இந்தியச் சட்டத்தில் தனியுரிமை நீண்ட காலம் அரசுக்கு எதிரான வாதமாகவே வளர்ந்தது. 1994இல் ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது பற்றிய நக்கீரன் ஆசிரியரின் வழக்கு, 1996இல் தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றிய பி.யு.சி.எல். வழக்கு, 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்த புட்டசாமி வழக்கு ஆகியவை அந்தப் பாதையின் மைல்கற்கள். 1996 தீர்ப்பு, வீட்டிலோ அலுவலகத்திலோ தொலைபேசியில் தனிமையில் பேசுவது தனியுரிமையின் பகுதி என்றது. வீட்டுக்குள்ளேயே கேட்கும் காது இருந்தால் என்ன என்பதை அது பேசவில்லை. புட்டசாமி தீர்ப்பு அந்தப் பக்கத்தைத் தொட்டது: வீட்டின் தனிமை ஆணாதிக்க வன்முறையை மறைக்கும் திரையாகக் கூடாது என்ற பெண்ணிய விமர்சனத்தை அது கணக்கில் எடுத்துக்கொண்டது.

வீட்டுக்குள் நடந்த பதிவைப் பற்றி முன்பே பேசியது ஆந்திர உயர் நீதிமன்றம். மனைவி தன் பெற்றோருடனும் தோழிகளுடனும் பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிந்து, விவாகரத்து வழக்கில் வன்தட்டை நீட்டினார். மனைவிக்குத் தெரியாமல் பதிந்ததே சட்டவிரோதம், பதிவு உண்மையாகவே இருந்தாலும் ஆதாரமாகாது என்று அந்த நீதிமன்றம் முடிவு சொன்னது. 2008 சட்ட இதழ்களில் வெளியான அந்தத் தீர்ப்பு பிற்காலத்தில் பலமுறை மேற்கோள் காட்டப்பட்டது. 2013இல் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 354டி பிரிவு, ஒரு பெண்ணின் இணைய, மின்னஞ்சல், மின்னணுத் தொடர்பைக் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் குற்றமாக்கியது. கணவனுக்கு விலக்கு எழுதப்படவில்லை.

எதிர்த் திசையில் இழுத்தது 1984 குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. வழக்கை முடிக்க உதவும் எந்த ஆவணத்தையும், சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதா என்று பாராமல், குடும்ப நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இதை வைத்து 2020இல் டெல்லி உயர் நீதிமன்றம், படுக்கையறைக் கேமராவில் பதிவான மனைவியின் தொலைபேசிப் பேச்சை அனுமதித்தது. 2021 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம், மனைவியுடன் தான் பேசியதை அவருக்குத் தெரியாமல் பதிந்த கணவரின் குறுவட்டை மறுத்தது. பதிண்டா குடும்ப நீதிமன்றம் முன்பு அனுமதித்த ஆதாரம் அது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி பரமக்குடி சார்பு நீதிமன்றத்திலிருந்து எழுந்தது. விவாகரத்துக் கேட்ட கணவர், மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்து ஆவணமாகக் கொடுத்தார். அதை நிராகரிக்கக் கோரிய மனைவியின் மனு தள்ளுபடியானதால் அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2024 அக்டோபர் 30 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் மனைவியின் பக்கம் தீர்ப்பளித்தார். திருமணத்தின் அடித்தளம் நம்பிக்கை, ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பது அதைக் குலைக்கும், துணைவருக்கு எதிரான தனியுரிமையும் அடிப்படை உரிமையில் அடங்கும், அதை மீறித் திரட்டிய ஆதாரம் ஏற்கத்தக்கதல்ல என்பது தீர்ப்பின் போக்கு. மனைவிக்கும் கணவனுக்கும் இது சமமாகப் பொருந்தும் என்றாலும், பெண்ணின் தன்னாட்சியைத் தனியாக எடுத்துச் சொன்னார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டம் மின்னணு ஆவணத்துக்கு நிபுணர் சான்றிதழையும் கேட்கிறது. தமிழ்நாட்டுக்கு அப்படி ஒரு நிபுணர் அறிவிக்கப்படாமல் இருந்ததையும் தீர்ப்பு கவனித்தது, அறிவிக்கச் சொன்னது.

ஒன்பது மாதங்களுக்குள் உச்ச நீதிமன்றம் வேறு பக்கம் திரும்பியது. 2025 ஜூலை 14 அன்று நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு பஞ்சாப்–ஹரியானா தீர்ப்பை நீக்கி, பதிண்டா நீதிமன்றத்தின் உத்தரவை மீட்டது. 122ஆம் பிரிவின் பழைய விதிவிலக்கே அதன் அடித்தளம்: தம்பதிக்குள் வழக்கு என்றால் தம்பதிக்குள் நடந்த பேச்சை வெளியிடத் தடையில்லை, ரகசியமாகப் பதிந்தது என்பதற்காக மட்டும் அதைத் தள்ள முடியாது. இப்படி அனுமதித்தால் வேவு பார்ப்பது பெருகும் என்ற வாதத்துக்கு, வேவு பார்க்கும் அளவுக்குப் போன திருமணம் ஏற்கனவே உடைந்த திருமணம், வேவு அதன் அறிகுறிதான் என்று பதில் சொன்னது. விவாகரத்து மனுவோடு வந்து நிற்கும் தம்பதிக்கு அந்தப் பதில் பொருந்தும். சந்தேகத்தோடு சேர்ந்து வாழும் தம்பதிக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை விவாதிக்க இடமிருக்கிறது.

அந்த வழக்கில் பதிவானது கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசியது. மனைவி மூன்றாமவரோடு பேசியதும், அவரது போனிலிருந்து எடுத்த பட்டியலும் அந்த வழக்கின் பொருளாக இருக்கவில்லை. ஆதாரமாக ஏற்பது வேறு, எடுத்த முறைக்கான குற்றப் பொறுப்பு வேறு. பின்தொடர்தல் குற்றம் புதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவாகத் தொடர்கிறது. 1885 தந்திச் சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில், அனுமதியின்றி இடைமறிப்பதற்கு மூன்றாண்டு வரை சிறையும் 2 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

அதே ஆண்டில் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. நிறுவனங்கள் குழந்தைகளைப் பின்தொடர்வதையும் தடுத்தது. ஆனால் தனிநபர் தன் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ தரவைக் கையாண்டால் சட்டம் பொருந்தாது என்று அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது. மகனின் இருப்பிடத்தைப் பார்க்கும் தகப்பனும், மனைவியின் செய்திகளைப் படிக்கும் கணவனும் அந்தச் சட்டத்தின் கணக்கில் வீட்டு விவகாரம்தான்.